ஐ லுக் ஆஃப்டர் தி ஹவுஸ், பட்... – காரைக்குடிப் பக்கம் வேலைக்கு வருபவர்களுக்கு ஓர் ஆங்கில வழிகாட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று இந்த வட்டாரத்துப் பெரிய வீடுகளைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வீட்டைத் திறந்து காட்டுபவர், பழைய சாமான் கடையில் நிற்பவர், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் விளக்கம் சொல்பவர், ஹோட்டலாக மாறிய வீடுகளில் பரிமாறுபவர், கார் ஓட்டுபவர் என எல்லோருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தேவைப்படுகிறது. புதிதாக வருபவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. ஹவுஸ், பில்லர், டீக், கிச்சன் எல்லாம் தடங்கல் இல்லாமல் வரும். இடறுவது ‘அட்’, ‘ஃபார்’, ‘டு’, ‘வித்’, ‘ஆஃப்’ என்ற குட்டிச் சொற்களில்தான். பள்ளியில் ப்ரிபொசிஷன் என்று சொல்லித் தந்தார்களே, அவைதான்.

“இது உங்கள் வீடா?” என்று விருந்தாளி கேட்கிறார். நீங்கள் சொல்ல நினைப்பது: “வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் இங்கே குடியிருக்கவில்லை.” வாயில் வருவது: “ஐ லுக் திஸ் ஹவுஸ், பட் நாட் லிவ்.” சரியான வாக்கியம் இது: “ஐ லுக் ஆஃப்டர் திஸ் ஹவுஸ், பட் ஐ டோன்ட் லிவ் இன் இட்.” இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ‘ஆஃப்டர்’, ‘இன்’ என்ற இரண்டு சொற்கள்தான்.

ப்ரிபொசிஷன்களைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வினையையும் ப்ரிபொசிஷனையும் ஜோடியாகப் பிடியுங்கள். அந்த ஜோடிகளில் இரண்டை எடுத்து, “நான் இதைச் செய்தேன், ஆனால் அதைச் செய்யவில்லை” என்று ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நிறுத்துங்கள். ஏன் ‘நான்’ என்றால், விருந்தாளி கேட்பது பெரும்பாலும் உங்களைப் பற்றித்தான். தவிர, ‘ஐ’ என்று தொடங்கினால் வினையின் வாலில் ‘எஸ்’ சேர்க்கும் தொல்லையும் இல்லை.

தமிழ் ஆளுக்கு ஏன் இடறுகிறது?

நம் மொழியில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து. ஐ, ஆல், கு என்று ஒப்பித்த ஞாபகம் இருக்கும். இங்கிலீஷில் ‘ஹவுஸ்’ எங்கே போனாலும் ‘ஹவுஸ்’தான். முன்னால் எந்தச் சொல் வர வேண்டும் என்பதைப் பல இடங்களில் வினைதான் முடிவு செய்கிறது. ‘டு’ என்றால் ‘க்கு’, ‘இன்’ என்றால் ‘இல்’, ‘ஃப்ரம்’ என்றால் ‘இருந்து’ என்ற கணக்கு போக்குவரத்துக்கும் இடத்துக்கும் ஓரளவு சரியாக வரும். ‘லுக்’, ‘ஆஸ்க்’, ‘அக்ரீ’ மாதிரி வினைகளிடம் அந்தக் கணக்கு எடுபடாது.

முதலில் தமிழில் எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, இன்றைக்கு வேலையில் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ‘நான்’ வாக்கியங்களாகத் தமிழிலேயே எழுதுங்கள். விலை கேட்டேன், சாவியைத் தேடினேன், வண்டிக்காகக் காத்திருந்தேன், டிரைவரிடம் சொன்னேன். எட்டுப் பத்து வாக்கியம் போதும். புத்தகத்தில் இருக்கும் வாக்கியங்களை எடுக்காதீர்கள். நடந்தது என்றால் மறக்காது.

அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே இங்கிலீஷ் வினையையும் அதன் ப்ரிபொசிஷனையும் ஒரே சொல் மாதிரி சேர்த்து எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகளை போனிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. வினையின் கீழே எந்தச் சொல்லோடு அது வரும் என்று எடுத்துக்காட்டோடு கொடுத்திருப்பார்கள். தமிழ் அர்த்தத்தை மட்டும் தரும் அகராதி இந்த வேலைக்கு உதவாது.

எழுதி முடித்ததும் வாக்கியங்கள் மூன்று வகையாகப் பிரிவதைக் காண்பீர்கள்.

ஒரு வகையில் தமிழில் ‘ஐ’ உருபு வரும், இல்லை ஒன்றுமே இருக்காது. இங்கிலீஷ் ஒரு ப்ரிபொசிஷன் கேட்கும். பார்த்தேன் என்பது ‘லுக்ட் அட்’, தேடினேன் என்பது ‘லுக்ட் ஃபார்’, பார்த்துக்கொண்டேன் என்பது ‘லுக்ட் ஆஃப்டர்’, விசாரித்துப் பார்த்தேன் என்பது ‘லுக்ட் இன்டு’. நம் ‘கேள்’ இன்னும் பொல்லாதது. தகவல் கேட்டால் ‘ஆஸ்க் அபவுட்’, பொருளைக் கேட்டால் ‘ஆஸ்க் ஃபார்’, காதில் விழுந்தால் வெறும் ‘ஹியர்’, காது கொடுத்துக் கேட்டால் ‘லிசன் டு’. முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தினமும் பயன்படும் வாக்கியம் ஒன்று: “ஐ ஆஸ்க்ட் அபவுட் தி ப்ரைஸ், பட் ஐ டிட்ன்ட் ஆஸ்க் ஃபார் எ டிஸ்கவுன்ட்.” விலையை விசாரித்தேன், குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தமிழில் இரண்டுக்கும் ‘கேட்டேன்’ போதும்.

ஆளிடம் பொருளைக் கேட்கும்போது வரிசையையும் கவனியுங்கள். “ஐ ஆஸ்க்ட் ஹிம் ஃபார் தி கீ.” ‘அவரிடம்’ என்று நாம் சொல்வதால் ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ என்று நாக்கு போகும். இங்கே ‘டு’ வேண்டாம்.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். தமிழில் உருபு உண்டு, இங்கிலீஷில் ஒன்றும் வராது. ஊருக்கு வந்து சேர்ந்தேன் என்பதற்கு ‘ரீச்ட் காரைக்குடி’, நடுவில் ‘டு’ கிடையாது. வீட்டுக்குள் நுழைந்தேன் என்பதற்கு ‘என்டர்ட் தி ஹவுஸ்’, ‘இன்டு’ வேண்டாம். விலையைப் பற்றிப் பேசினோம் என்பதற்கு ‘டிஸ்கஸ்ட் தி ப்ரைஸ்’, ‘அபவுட்’ வேண்டாம். கேள்விக்குப் பதில் சொன்னேன் என்பதற்கு ‘ஆன்சர்ட் தி க்வெஸ்ச்சன்’. அவரிடம் சொன்னேன் என்பதற்கு ‘டோல்ட் ஹிம்’. இவற்றை மனதில் பதிக்க, பக்கத்திலேயே ப்ரிபொசிஷன் கேட்கும் வினையை வையுங்கள்.

“ஐ டோல்ட் தி டிரைவர், பட் ஐ செட் நத்திங் டு தி கெஸ்ட்.” டிரைவரிடம் சொன்னேன், விருந்தாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ‘டெல்’ ஆளை நேரடியாகப் பிடிக்கும், ‘சே’ ‘டு’ வைத்துத்தான் பிடிக்கும். “ஐ ஷோட் ஹிம் தி கிச்சன், பட் ஐ எக்ஸ்ப்ளெய்ன்ட் தி டைல்ஸ் டு ஹிஸ் வைஃப்.” இங்கே ‘எக்ஸ்ப்ளெய்ன் ஹிம்’ என்பது தவறு.

“ஐ என்டர்ட் தி ஹவுஸ், பட் ஐ டிட்ன்ட் கோ இன்டு தி பூஜா ரூம்.” வீட்டுக்குள் வந்தேன், சாமி அறைக்குள் போகவில்லை. வீடு சுற்றிக் காட்டும் பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவைப்படும்.

‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் நாட்டில் பெரிய அதிகாரிகளே அப்படித்தான் பேசுகிறார்கள். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். அடுத்து வரும் வகைதான் காசையும் உறவையும் தொடுவது. உங்கள் நேரத்தில் பாதியை அங்கே செலவிடுங்கள்.

ப்ரிபொசிஷன் மாறினால் பொருள் மாறும் வகை

கடையில் ஒரு மரத்தூணைப் பார்த்துவிட்டு, “இதில் விரிசல் இருக்கிறது, பாதி விலைக்குத் தாருங்கள்” என்கிறார் வாடிக்கையாளர். விரிசல் இருப்பது உண்மை. நீங்கள் தலையை ஆட்டி “ஐ அக்ரீ, ஐ அக்ரீ” என்றால் பாதி விலைக்குச் சம்மதித்ததாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். சொல்ல வேண்டியது: “ஐ அக்ரீ வித் யூ அபவுட் தி க்ராக், பட் ஐ கான்ட் அக்ரீ டு தட் ப்ரைஸ்.” ஆளோடும் அவர் கருத்தோடும் ஒத்துப்போனால் ‘வித்’. அவர் வைத்த கோரிக்கைக்குச் சம்மதித்தால் ‘டு’. இரு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் ‘ஆன்’: “வி அக்ரீட் ஆன் தி ப்ரைஸ், பட் நாட் ஆன் தி பேக்கிங்.” விலை முடிந்தது, பேக்கிங் யார் பொறுப்பு என்பது முடியவில்லை.

‘ஒர்க்’ அடுத்தது. யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்களோ அவருக்கு ‘ஃபார்’. கூட வேலை செய்பவருக்கு ‘வித்’. இடத்துக்கு ‘இன்’ அல்லது ‘அட்’. கையில் எடுத்திருக்கும் வேலைக்கு ‘ஆன்’. “ஐ ஒர்க் இன் தி கிச்சன், பட் ஐ டோன்ட் ஒர்க் ஃபார் தி ஹோட்டல்.” கான்ட்ராக்டில் வரும் சமையல்காரர் இப்படிச் சொல்லலாம். “ஐ ஒர்க் வித் ஹிம், நாட் ஃபார் ஹிம்” என்பது கொஞ்சம் தன்மானம் கலந்த வாக்கியம். இடம் பார்த்துச் சொல்லுங்கள்.

முகப்பில் நின்றுகொண்டு, உள்ளே இரண்டாம் கட்டு எனப்படும் பின்பகுதியில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் இந்த வீடுகளில் குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டும், அவ்வளவு நீளம். கேட்ட விருந்தாளி திட்டுகிறீர்கள் என்று நினைத்துவிடலாம். “ஐ ஷவுட்டட் டு யூ, நாட் அட் யூ.” ‘டு’ என்றால் காதில் விழுவதற்காகக் கூப்பிட்டது. ‘அட்’ என்றால் ஆளைக் குறிவைத்துக் கத்தியது. ‘த்ரோ’வும் இதே கணக்கு: ‘டு’ என்றால் அவர் பிடிப்பதற்கு, ‘அட்’ என்றால் அவர் மேல் படுவதற்கு. சிரிப்புக்கும் உண்டு: “ஐ லாஃப்ட் வித் யூ, நாட் அட் யூ.” விருந்தாளியின் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு இது உடனே தேவைப்படும்.

கேள்விப்பட்டேன் என்பதிலும் இரண்டு உண்டு. “ஐ ஹேவ் ஹேர்ட் ஆஃப் தட் ஹோட்டல், பட் ஐ ஹேவ் நாட் ஹேர்ட் ஃப்ரம் தெம்.” பெயர் தெரியும், அவர்களிடமிருந்து போனோ கடிதமோ வரவில்லை. “ஐ நோ ஆஃப் ஹிம், பட் ஐ டோன்ட் நோ ஹிம்.” பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், பழக்கமில்லை. அந்தக் குட்டி ‘ஆஃப்’ இல்லாமல் “ஐ நோ ஹிம்” என்றால், பழக்கம் இருக்கிறது என்று நினைத்து உங்களையே அறிமுகம் செய்துவைக்கச் சொல்வார்கள்.

பர்மாத் தேக்கைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நகரத்தார் கடல் தாண்டித் தொழில் செய்த ஊர்கள், மரம் வந்த வழி எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, “நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?” என்று ஒரு கேள்வி வரும். “ஐ நோ அபவுட் ரங்கூன், பட் ஐ ஹேவ் நெவர் பீன் டு ரங்கூன்.” இங்கே ‘கான் டு’ வராது. ‘கான்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று பொருள்படும். இதோ எதிரே நிற்கும் நீங்கள் அதைச் சொல்ல முடியாது.

ஊர் கேட்டால் காலமும் சேர்ந்து மாறும். “ஐ கேம் ஃப்ரம் மதுரை டுடே, பட் ஐ கம் ஃப்ரம் தேவகோட்டை.” இன்று வந்தது மதுரையிலிருந்து, சொந்த ஊர் தேவகோட்டை. ப்ரிபொசிஷன் ஒன்றுதான், ‘கேம்’ பயணத்தைச் சொல்கிறது, ‘கம்’ பூர்வீகத்தைச் சொல்கிறது.

பட்டறையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பொருளின் உருவம் மாறாமல் கண்ணுக்குத் தெரிந்தால் ‘ஆஃப்’, கலந்து வேறொன்றாகிவிட்டால் ‘ஃப்ரம்’. “ஐ மேக் தீஸ் டைல்ஸ் ஃப்ரம் சாண்ட் அண்ட் சிமென்ட், பட் தட் பில்லர் இஸ் மேட் ஆஃப் டீக்.” ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவார்களா என்று கேட்பவர்கள் நிறைய. கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான் முறை. “ஐ கீப் தெம் இன் வாட்டர் அண்ட் ட்ரை தெம், பட் ஐ டோன்ட் பேக் தெம் இன் எ கில்ன்” என்றால் கேள்வி அதோடு முடிந்துவிடும்.

இரண்டு பாதியையும் கட்டும்போது

ஜோடிகள் கையில் இருந்தால் கட்டுவது லேசு. ஆனாலும் நாலு இடத்தில் வழுக்கும்.

‘டிட்ன்ட்’ வந்தபின் வினை மூல வடிவத்தில் நிற்க வேண்டும். ‘டிட்ன்ட் லுக்ட்’ கிடையாது, ‘டிட்ன்ட் லுக்’. இறந்த காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது.

‘ஆல்தோ’ போட்டால் ‘பட்’ போடக்கூடாது. நாம் ‘கேட்டாலும்... ஆனா...’ என்று இரண்டையும் சேர்த்துப் பேசுவோம். இங்கிலீஷில் ஒன்று போதும். தொடக்கத்தில் ‘பட்’டையே வைத்துப் பழகுங்கள், ‘ஆல்தோ’ பின்னால் தானாக வரும்.

இரண்டு வினைக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் ப்ரிபொசிஷன் தனித்தனிதான். “ஐ லுக்ட் அட் தி சாரி, பட் ஐ டிட்ன்ட் பே ஃபார் இட்.” கண்டாங்கிச் சேலையைப் பார்த்தேன், காசு கொடுக்கவில்லை. முதல் பாதியின் ‘அட்’ இரண்டாம் பாதிக்கு உதவாது. அதே போல், ‘பிக் அப்’ மாதிரி வினைகளில் ‘ஹிம்’, ‘இட்’ நடுவில் போய் உட்காரும்: “ஐ பிக்ட் ஹிம் அப் அட் தி ஸ்டேஷன், பட் ஐ டிட்ன்ட் வெயிட் ஃபார் ஹிம் அட் தி டெம்பிள்.” ‘பிக்ட் அப் ஹிம்’ தவறு, ‘வெயிட் ஹிம் ஃபார்’ அதைவிடத் தவறு. டிரைவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை நெட்டுருப் போட்டாலே போதும்.

நாலாவது, நம்முடைய ‘தான்’. “கேட்கத்தான் கேட்டேன், ஆனா தரலை” என்கிறோமே, அந்த அழுத்தத்துக்கு இங்கிலீஷில் ‘டிட்’ இருக்கிறது: “ஐ டிட் ஆஸ்க் ஃபார் இட், பட் ஐ டிட்ன்ட் கெட் இட்.” இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பேச்சு சட்டென்று இயல்பாகிவிடும். நான் பார்த்த வரையில் பாடப்புத்தகங்கள் இதை ஓரத்தில் தள்ளிவிடுகின்றன. எனக்கோ இதை முதல் வாரத்திலேயே சொல்லித்தர ஆசை.

வினை ஒன்றாகவே இருந்தால் திரும்பச் சொல்ல வேண்டாம், ‘நாட்’ போட்டு வெட்டிவிடலாம். “ஐ பாட் இட் ஃபார் மை மதர், நாட் ஃப்ரம் மை மதர்.” அம்மாவுக்காக வாங்கினேன், அம்மாவிடமிருந்து வாங்கவில்லை.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

சாதாரணப் பேச்சில் ‘ஃபார்’, ‘டு’, ‘அட்’ எல்லாம் சுருங்கி, காதில் சரியாக விழாத அளவுக்குத் தேய்ந்துபோகும். வெள்ளைக்காரர் பேசும்போது அந்தச் சொல் வந்ததா இல்லையா என்றே நமக்குத் தெரியாது. எதிரெதிராக நிறுத்தும் வாக்கியத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். “ஐ ஒர்க் வித் ஹிம், நாட் ஃபார் ஹிம்” என்பதில் ‘வித்’தும் ‘ஃபார்’உம்தான் ஓங்கி ஒலிக்க வேண்டும், ‘ஒர்க்’ இறங்கிப் போகலாம். வினை மாறும் வாக்கியத்தில் அழுத்தம் வினைக்குத் திரும்பிவிடும்: “ஐ லுக்ட் அட் இட், பட் ஐ டிட்ன்ட் பே ஃபார் இட்” என்பதில் ‘லுக்ட்’, ‘பே’ இரண்டும் மேலே. எது மாறுகிறதோ அதை ஓங்கிச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இதற்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். வேலை ஓய்ந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் தமிழில் கேட்க, மற்றவர் இங்கிலீஷில் பதில் சொல்லலாம்.

“ஆச்சி, காபி கேட்டீகளா?”

“ஐ ஆஸ்க்ட் ஃபார் டீ, நாட் ஃபார் காஃபி.”

“அண்ணே, அந்த ஆளோட பேசுனீகளா?”

“ஐ டாக்ட் டு ஹிம், பட் ஐ டிட்ன்ட் டாக் அபவுட் தி ரென்ட்.”

ஆச்சிமார் இதில் இளவட்டங்களைவிடச் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். கூச்சம் குறைவு, வாய் அதிகம்.

கேள்வியை அடையாளம் காணவும் பழகுங்கள். இங்கிலீஷ் கேள்வியில் ப்ரிபொசிஷன் வாக்கியத்தின் வாலில் தொங்கும். “ஹூ டு யூ ஒர்க் ஃபார்?” “வாட் ஆர் யூ லுக்கிங் அட்?” அந்த வாலைப் பிடித்து, அதே சொல்லை உங்கள் பதிலில் வையுங்கள். ‘லுக்கிங் ஃபார்’ என்று கேட்டவருக்கு ‘லுக்கிங் அட்’ என்று பதில் சொன்னால் பேச்சு இரண்டு பாதையில் போகும்.

கொஞ்சம் தேறியபின்

ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அது ‘இங்’ வாலோடு வரும். “ஐ தாட் ஆஃப் பையிங் இட், பட் ஐ டிசைடட் டு வெயிட்.” ‘ஆஃப்’ பின்னால் ‘பையிங்’. ‘டிசைடட்’ பின்னால் வரும் ‘டு’ ப்ரிபொசிஷன் இல்லை, அதனால் ‘வெயிட்’ மூல வடிவம். இரண்டு ‘டு’க்களும் பார்க்க ஒன்று போலவே இருப்பதால் குழப்பம் வரும். குழப்பத்தை நேருக்கு நேர் பார்க்க ஒரு வாக்கியம்: “ஐ யூஸ்ட் டு குக் ஆன் ஃபயர்வுட், பட் ஐ ஆம் நாட் யூஸ்ட் டு குக்கிங் ஆன் கேஸ்.” முன்பெல்லாம் விறகில் சமைத்தேன், கேஸில் சமைத்துப் பழக்கமில்லை. முதல் ‘யூஸ்ட் டு’ பழைய வழக்கம். இரண்டாவது பழகிப்போன நிலை, அங்கே ‘டு’ ப்ரிபொசிஷன், அதனால் ‘குக்கிங்’.

கீழே உள்ளவற்றை மூடி வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். சாவியைத் தேடினேன், யாரிடமும் கேட்கவில்லை. அவரிடம் விலையைச் சொன்னேன், மரத்தைப் பற்றி விளக்கவில்லை. பணியாரத்துக்குக் காசு கொடுத்தேன், ஆனால் அதை நான் கேட்கவில்லை. ஆத்தங்குடிக்குப் போயிருக்கிறேன், அங்கே வேலை பார்த்ததில்லை.

விடைகள் வரிசையாக: “ஐ லுக்ட் ஃபார் தி கீ, பட் ஐ டிட்ன்ட் ஆஸ்க் எனிஒன்.” “ஐ டோல்ட் ஹிம் தி ப்ரைஸ், பட் ஐ டிட்ன்ட் எக்ஸ்ப்ளெய்ன் தி வுட் டு ஹிம்.” “ஐ பெய்ட் ஃபார் தி பணியாரம், பட் ஐ டிட்ன்ட் ஆஸ்க் ஃபார் இட்.” “ஐ ஹேவ் பீன் டு ஆத்தங்குடி, பட் ஐ ஹேவ் நெவர் ஒர்க்ட் தேர்.” கடைசியில் ‘இன் தேர்’ என்று சொல்லியிருந்தால் அந்த ‘இன்’னை அடித்துவிடுங்கள். இந்த மாதிரி வாக்கியத்தில் ‘தேர்’ தனியாகவே நிற்கும். ‘கம் ஹியர்’, ‘கோ தேர்’ என்று சொல்லும்போதும் நடுவில் ‘டு’ வேண்டாம்.